எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்புறீங்க?

வாசகர் கடிதம்

வணக்கம்.

பெயர், ஊர், நாடு எதையும் போட்டுவிடாதீர்கள். இந்த மாதிரிப் பகுதிகளை ஒன்றுவிடாமல் வாசிக்கிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள், தம்பி மனைவி.

எனக்கு 45 வயது. 26 வயதில் வேலைக்காக வெளிநாடு வந்தேன். கல்யாணம், பிள்ளை, குடியுரிமை எல்லாம் இங்கேயே ஆகிவிட்டது. 19 வருடம் ஓடியிருக்கிறது. ஊரில் 74 வயது அம்மா, தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள். அப்பா இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் தவறியபோது போனேன், ஐந்தே நாள். அப்புறம் கொரோனா, வேலைப் பிரச்சினை, மகன் படிப்பு என்று தள்ளித் தள்ளிப் போய், இந்த முறைதான் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் இருந்துவிட்டு வந்தேன். கணவருக்கு லீவு இல்லை. நானும் 13 வயது மகனும் மட்டும்.

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கூடத்து மூலையில் அப்படியே நிற்கிறது. மகன் அதன்மேல் புத்தகப் பையை வைக்க ஆரம்பித்துவிட்டான்.

விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வரிசையில் நின்றேன். தங்கப்போகும் முகவரியை எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூட நோட்டு அட்டையில் எல்லாம் நான் எழுதிய அதே முகவரி. எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பார்த்துவிட்டு “யார் வீடு?” என்றார். “தம்பி வீடு” என்று வாயில் வந்தது. எங்கள் வீடு என்று ஏன் வரவில்லை என்று வெளியே வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நல்லது நிறையவே பார்த்தேன், மறைக்கவில்லை. முன்பு நாள் முழுக்க நின்று வாங்கிய சான்றிதழ் இந்த முறை தம்பியின் போனிலேயே வந்துவிட்டது. என் வயதில் எனக்கு வாய்க்காத தைரியம் தம்பி மகளுக்கு இருக்கிறது. தனியாக வண்டி ஓட்டுகிறாள், தனியாகப் பயணம் போகிறாள். அண்டை வீட்டார் போன் செய்து நேரம் கேட்டுவிட்டு வருவதில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நான் இருக்கும் குடியிருப்பில் எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது.

எரிச்சலும் அதே அளவுக்கு. எங்கே போனாலும் ஹாரன். வரிசை என்று ஒன்று இருப்பதையே மதிக்காமல் நுழைகிறவர்கள். எங்கள் தெருவில் இருந்த மரங்களைச் சாலை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிவிட்டார்கள், சாலை என்னவோ அதே நெரிசலாகத்தான் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, ஏன் இளைத்துவிட்டாய், ஏன் ஒரே பிள்ளை என்று முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது “எப்ப வந்தீங்க?” அடுத்த மூச்சில் “எப்பக் கிளம்புறீங்க?” பத்தாவது நாள் நான் அழுதே விட்டேன்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான். முதல் நாள் இரவு படுக்கையறைக்குள் போனதும் கை தானாகக் கதவுக்கு இடப்பக்கச் சுவரில் ஸ்விட்சைத் தேடியது. வெறும் சுவர். தம்பி வயரிங் மாற்றியபோது வலப்பக்கம் கொண்டுபோய்விட்டானாம். மூன்று வாரமும் தினமும் இடப்பக்கச் சுவரைத் தடவினேன். இன்னொன்று, நான் பேசிய ஏதோ ஒரு வார்த்தைக்குத் தம்பி மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தை, இதை இப்ப யாருமே சொல்றதில்ல. பழைய படத்துல வர்ற மாதிரி பேசுறீங்க” என்றாள். என் சொந்த மொழியில் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

அம்மாவும் முன்னைப்போல் இல்லை. போனிலேயே ஒன்றிரண்டு வருடமாக எதைச் சொன்னாலும் “சரிம்மா, சரிம்மா” என்றுதான் சொல்வாள். நேரில் போனால் பேசுவாள் என்று நினைத்தேன். நேரிலும் அப்படித்தான். எனக்கும் அவளுக்கும் நடுவில் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டதோ என்னவோ.

நான்காவது நாள் இரவுதான் சண்டை. தூக்கம் தலைகீழாகிக் கிடந்தது. ஒன்பதரைக்குக் கண்ணைச் சுழற்றுகிறது, கூடத்தில் டிவி அலறுகிறது. எழுந்து போய், “இந்த நாட்டுல யாருக்குமே அடுத்தவங்களைப் பத்தி அக்கறை கிடையாதா? ரோட்டுலயும் சத்தம், வீட்டுலயும் சத்தம்” என்று கத்திவிட்டேன். தம்பி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான். “அம்மாவுக்கு வலது காது கேக்கலக்கா, ரெண்டு வருஷமா. அதுக்கு நாடு என்ன பண்ணும்?” என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. “நீ விருந்தாளி மாதிரி வந்து மார்க் போட்டுட்டுப் போயிடுவ. நாங்க இங்கதான் இருக்கணும்.”

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “அம்மாதான் சொல்லாதேன்னுச்சு, நீ அங்க உக்காந்து கவலைப்படுவியாம்” என்றான். மறுநாள் கவனித்தால் வீட்டில் எல்லோரும் அம்மாவின் இடப்பக்கமாகத்தான் போய்ப் பேசுகிறார்கள். என் மகன்கூட இரண்டே நாளில் இடப்பக்கம் உட்காரப் பழகியிருக்கிறான். நான் மட்டும்தான் வலப்பக்கம் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விருந்தாளியாம்! 2020இல் எனக்கு எட்டு மாதம் வேலை இல்லை. அப்போதும் மாதாமாதம் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை. அங்கே ஒருவருக்கும் அது தெரியாது, தெரியவிடவும் இல்லை. இதை அவனிடம் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு 17 நாளும் தம்பி ரொம்ப மரியாதையாக இருந்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் இறங்கிய அன்று கணவருக்கு “வீட்டுக்கு வந்தாச்சு” என்று மெசேஜ் போட்டிருந்தேன். இங்கே திரும்பியதும் தம்பிக்கு அதே இரண்டு வார்த்தை எழுத வராமல் யோசித்து, கடைசியில் அதையேதான் போட்டேன், “வீட்டுக்கு வந்தாச்சு”. கட்டை விரல் ஒன்று வந்தது. அதோடு சரி.

மகன் கல்லூரிக்குப் போனதும் ஊருக்கே திரும்பிவிடுவோம் என்று நானும் கணவரும் ரொம்ப நாளாகப் பேசிவைத்திருக்கிறோம். இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அதே சமயம் இங்கே காலையில் பேருந்துக்கு நிற்கும்போது, யாருமே யாரிடமும் பேசாத அந்த அமைதியும் பிடிக்கவில்லை. என் தோழி, “போனா இப்படித்தான் ஆகும், இனிமே போகாதே” என்கிறாள். கணவர், “வருஷா வருஷம் போனாத்தான் சரியாகும்” என்கிறார். எனக்கு என் நாடு பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. நான் திமிர் பிடித்தவளாகிவிட்டேனா? திரும்பிப் போகும் யோசனையைக் கைவிட்டுவிடலாமா?

ஒரு வாசகி


ஆலோசகர் பதில்

வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை அது ஒரு நாட்டைப் பற்றிய கடிதமாகத் தெரிந்தது. இரண்டாவது முறை ஒரு டிவியைப் பற்றிய கடிதமாகத் தெரிந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது முதலாவதை, அதனால் அதைக் கொஞ்சம் முடித்துவிட்டு வருகிறேன்.

திமிரா என்று கேட்டிருக்கிறீர்கள். திமிர் பிடித்தவர்கள் பத்தாவது நாள் அழுவதில்லை. புது நாட்டில் வரும் தடுமாற்றத்துக்குக் கல்ச்சர் ஷாக் என்ற பெயர் 1950களிலேயே பரவிவிட்டது. கலர்வோ ஒபெர்க் என்ற மானிடவியலாளர் அதைப் பிரபலப்படுத்தினார். 1955இல் நார்வேச் சமூகவியலாளர் லீஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிவிட்டு வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசி, ஆரம்பத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு தேறுதல் என்று ஒரு வளைவைச் சொன்னார். 1963இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி, சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் இதே சரிவு இன்னொரு முறை வருகிறது என்று எழுதினார்கள். வளைவு இத்தனை ஒழுங்காக எல்லோருக்கும் வருவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன, எனக்கும் அந்தப் படத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. என்னிடம் பேச வருகிறவர்களின் மனம் வரைபடத் தாளில் அடங்கியதில்லை. ஆனால் ஊர் திரும்புவதும் ஒரு அதிர்ச்சிதான் என்பதும், அதற்கு யாரும் நம்மைத் தயார்படுத்துவதில்லை என்பதும் உண்மை. வெளிநாடு போகும்போது பத்துப் பேர் புத்தி சொல்வார்கள். சொந்த வீட்டுக்குப் போகிறவளுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

ஆல்ஃபிரெட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர் இருந்தார். 1938இல் வியன்னாவை விட்டு வெளியேற நேர்ந்து, பாரிஸ் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். பகலில் வங்கி வேலை, மிச்ச நேரத்தில் தத்துவம். வீடு திரும்புகிறவனைப் பற்றி 1945இல் ஒரு கட்டுரை எழுதினார், போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களை மனதில் வைத்து. அதில் அவர் சொல்லும் ஒன்று உங்களுக்கு நேராகப் பொருந்தும். பிரிந்திருப்பவர்கள் கடிதம் எழுதும்போது, பிரிந்த அன்று பார்த்த ஆளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். வாசிக்கிறவரும் அன்றைக்குப் போன ஆள்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்து வாசிக்கிறார். நடுவில் இருவருமே மாறியிருப்பார்கள். கடிதம் போய் வீடியோ அழைப்பு வந்த பிறகு இது மாறியிருக்கும் என்று தோன்றும். முகம் தெரிகிறதே! ஆனால் இரண்டு வருடமாக முகம் பார்த்துப் பேசியும் ஒரு காது கேட்காதது உங்களுக்குத் தெரியவில்லை.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. போனைத் தாங்கியில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்து, “அக்கா பேசுறா பாரு” என்று யாரோ எடுத்துக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. அம்மா எதற்கும் “சரிம்மா, சரிம்மா” என்கிறாள், பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டதோ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே காது விஷயம் வருகிறது. இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. காது சரியாகக் கேட்காதவர்கள், திரும்பத் திரும்ப “என்ன? என்ன?” என்று கேட்கக் கூச்சப்பட்டு, பொதுவாக ஒரு பதிலை வைத்துச் சமாளிப்பார்கள். “சரிம்மா” அதற்கு ரொம்ப வசதியான பதில். எந்தக் கேள்விக்கும் பொருந்தும். அவருக்கு நீங்கள் பேசியது கேட்காமலே இருந்திருக்கலாம். ஒன்றிரண்டு வருடமாக என்று நீங்கள் எழுதியதும், ரெண்டு வருஷமா என்று தம்பி சொன்னதும் ஒத்துப்போகின்றன.

இங்கே ஒரு இடைச்செருகல், உளவியலுக்குச் சம்பந்தமில்லாதது. வயதால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் இரண்டு காதிலும் சேர்ந்து, மெதுவாக வரும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால் அதை வயசாகிவிட்டது என்று விடக்கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருப்பதும் காரணமாக இருக்கலாம், கவனிக்க வேண்டிய வேறு காரணமும் இருக்கலாம். தம்பி ஏற்கனவே காட்டியிருக்கக்கூடும். கேளுங்கள். விசாரணை அதிகாரி மாதிரிக் கேட்காதீர்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்து நான்காவது இரவு. நேர மண்டலம் மாறினால் உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். அன்றைக்கு உங்கள் உடம்பு இன்னும் வந்து சேரவே இல்லை. அந்த நிலையில் டிவி அலறினால் யாருக்கும் கோபம் வரும். கவனிக்க வேண்டியது, கோபம் எந்த வாக்கியமாக வந்தது என்பது. “டிவியைக் குறைங்க” என்று வரவில்லை. “இந்த நாட்டுல யாருக்குமே” என்று வந்தது. தம்பிக்கு வலித்தது சத்தம் பற்றிய புகார் இல்லை என்று நினைக்கிறேன். அவன் வீட்டுக் கூடத்தில், அவன் அம்மாவுக்காக அவன் செய்த ஒரு ஏற்பாட்டை நீங்கள் நாட்டின் கோளாறாகப் படித்துவிட்டீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் ஒரு துக்கத்தை நேராகப் பார்க்க முடியாதபோது ஜன்னலைத் திறந்து சாலையைத் திட்டுவார்கள். சாலையில் தப்பு இல்லாமல் இல்லை. மரம் வெட்டப்பட்டதற்கு நீங்கள் வருத்தப்பட்டது நியாயம், வரிசையில் நுழைகிறவன்மேல் வந்த எரிச்சலும் நியாயம். அங்கேயே இருப்பவர்களுக்கும் அதே எரிச்சல் உண்டு. அவர்கள் பழகிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஹாரன், வரிசை, மரம், சம்பள விசாரிப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன. அப்பாவுக்கு ஒரே ஒரு வரி. அவர் தவறியபோது ஐந்து நாள் இருந்திருக்கிறீர்கள். அந்த ஐந்து நாளில் வீடு முழுக்க ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர் இல்லாத வீட்டில், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில், நீங்கள் இருந்தது இதுதான் முதல் தடவை. “யார் வீடு?” என்று அதிகாரி கேட்டபோது “தம்பி வீடு” என்று வாயில் வந்ததே, அது சரியான பதில். முகவரி மாறவில்லை, வீட்டுத் தலைவர் மாறிவிட்டார். உங்கள் வாய்க்கு அது முதலில் தெரிந்திருக்கிறது.

கைக்குத் தெரியவில்லை. ஸ்விட்சைத் தேடிய கையைப் பற்றி நீங்கள் எழுதிய இடம் எனக்குப் பிடித்தது. சைக்கிள் ஓட்டுவது, பூட்டைத் திறப்பது மாதிரியான காரியங்களை உடம்பு தனியாக நினைவு வைத்துக்கொள்கிறது. வயரிங் மாறிவிட்டது என்று மூளைக்குத் தகவல் சொன்னால் போதாது, கைக்குப் பழக்கம்தான் பாடம். தினமும் அந்த அறையில் படுக்கிறவர்களுக்குச் சில வாரத்தில் மாறியிருக்கும். உங்களுக்கு மூன்று வாரம் போதவில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் கை எந்த வீட்டைத் தடவிக்கொண்டிருந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நினைவைப் பற்றி இன்னொரு விஷயம். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே மற்ற காலத்தைவிட அடர்த்தியாக வரும். இது பல முறை சோதித்துப் பார்க்கப்பட்ட முடிவு. நீங்கள் 26 வயதில் கிளம்பிவிட்டீர்கள். அந்த அடர்த்தியான காலத்தின் பெரும்பகுதி அந்தத் தெருவில், அந்த மரங்களுக்கு அடியில் நடந்திருக்கிறது. ஊரிலேயே இருந்தவர்களுக்கும் 26 வயது போய்த்தான் விட்டது, ஆனால் நாளுக்கு நாள் கொஞ்சமாகப் போனதால் சத்தம் கேட்கவில்லை. உங்களுக்கு மொத்தமாகப் போன மாதிரி இருக்கிறது. தம்பி மகள் சிரித்தாளே, அந்த வார்த்தையும் அப்படித்தான். நீங்கள் கிளம்பிய நாளில் எல்லோரும் பேசிய வார்த்தை அது. நீங்கள் பத்திரமாக வைத்திருந்தீர்கள், அவர்கள் செலவழித்துவிட்டார்கள்.

பாலின் பாஸ் என்ற குடும்ப உறவு ஆய்வாளர் 1970களில், போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்தார். ஆள் இறந்ததாகவும் உறுதியில்லை, வருவதாகவும் இல்லை. இந்த மாதிரியான இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று அவர் பெயர் வைத்தார். உடம்பால் இல்லாமல் மனதில் மட்டும் இருப்பது அதில் ஒரு வகை. புலம்பெயர்ந்த குடும்பங்களையும் அவர் இதில் சேர்த்தார். யாரும் சாகவில்லை, அதனால் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. உங்களுக்கு ஊர் அப்படி. ஆனால் உங்கள் வீட்டாருக்கு நீங்களும் அப்படித்தான். “எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்புறீங்க” என்று ஒரே மூச்சில் கேட்பவர்களுக்குச் சில சமயம் வேறு பேச்சு தெரியாது, அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்கள் மனதில் அந்தக் கேள்வி ஓடும்போது, பழகிக்கொள்ளலாமா வேண்டாமா என்று தங்களுக்குள் கணக்குப் போடுகிறார்கள். மூன்று வாரத்துக்காக ஒரு ஆளை வீட்டுக்குள் முழுசாக விட்டால், நான்காவது வாரம் அவர்கள் பாடு கஷ்டம்.

விருந்தாளி என்ற வார்த்தை உங்களைச் சுட்டிருக்கிறது. அந்தப் பட்டத்தை உங்களுக்குக் கொடுத்தது தம்பி மட்டும் இல்லை. அம்மா காதை மறைத்தார், நீங்கள் கவலைப்படக் கூடாதென்று. நீங்கள் எட்டு மாதம் வேலையில்லாததை மறைத்தீர்கள், அவர்கள் கவலைப்படக் கூடாதென்று. இரண்டு பக்கமும் அன்பால்தான் செய்தீர்கள், இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் விருந்தினர் அறையில் உட்கார வைத்துவிட்டீர்கள். விருந்தாளிக்கு முன்னால்தான் நாம் வீட்டின் ஒழுகும் இடத்தைப் பாயை இழுத்து மூடுவோம்.

“சொல்லிக் காட்ட மனம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிக் காட்ட வேண்டாம். ஆனால் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. சண்டையில் பதிலடியாக “அப்பவும் நான் பணம் அனுப்பினேனே” என்று வந்தால் அது கணக்குத் தீர்ப்பது. வேறொரு நாள், பணத்தை நடுவில் கொண்டுவராமல், “2020ல எனக்கு எட்டு மாசம் வேலை இல்லடா, உங்ககிட்ட சொல்ல பயந்துட்டேன்” என்று சொன்னால் அதை அவன் வேறு மாதிரிக் கேட்பான். மரியாதையாக நடந்துகொள்ளும் தம்பியிடம், மரியாதை தேவைப்படாத ஒரு செய்தியைக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் டிவிக்கு மன்னிப்பு. கட்டை விரலுக்குப் பதிலாக இன்னொரு கட்டை விரல் அனுப்பிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் ஓடிவிடும், எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பிகள் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். எழுத வேண்டாம், குரலில் பேசுங்கள். நீளமாக வேண்டாம். “அன்னைக்கு டிவிக்காக நான் கத்தினது தப்பு. அம்மாவுக்குக் காது கேக்கலேன்னு தெரிஞ்சதும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், ரெண்டு வருஷமா நீ எப்படிச் சமாளிக்கிறேன்னு.” இவ்வளவு போதும். நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். “ஆனா நீயும்” என்று தொடங்கும் வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும், அதை அன்றைக்கு விழுங்கிவிடுங்கள். உங்களிடம் மறைத்ததில் உங்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம்தான். அது இரண்டாவது போனுக்கு.

மூன்றாவதாக அவனிடம் ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். பணம் இல்லாத வேலை. காதுக் கருவி வேண்டியிருந்தால் எது பொருந்தும் என்று படித்துச் சொல்வது, மருத்துவரின் அறிக்கைகளைச் சேர்த்து வைப்பது, அம்மாவின் மாத்திரை தீரும் தேதியை நினைவு வைத்துச் சொல்வது, இப்படி ஏதாவது. சலிப்பான வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. விருந்தாளியிடம் யாரும் சலிப்பான வேலை கொடுப்பதில்லை. அவன் முதலில் “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்பான். இன்னொரு தடவை கேளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு மறந்துவிடாதீர்கள், ஒரு தடவை மறந்தால் பழைய அறைக்கே போய்விடுவீர்கள்.

போகாதே என்கிற தோழி, வருஷா வருஷம் போ என்கிற கணவர், இருவரில் நான் கணவர் பக்கம். ஆனால் மூன்று வார லீவில் போய் நாட்டைப் பற்றி முடிவெடுக்க முடியாது. லீவில் போகிறவருக்கு அங்கே வேலை இல்லை, வேலை இல்லாதவர் கண்ணில் கோளாறுதான் அதிகம் படும். ஊர் திரும்பும் யோசனையை இப்போது கைவிடவும் வேண்டாம், உறுதி செய்யவும் வேண்டாம். மகன் கல்லூரிக்குப் போக இன்னும் நாலைந்து வருடம் இருக்கிறது. அதற்குள் ஒரு முறை, வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க அனுமதி கிடைத்தாலோ சேர்த்துவைத்த லீவு இருந்தாலோ, இரண்டு மூன்று மாதம் போய் இருந்து பாருங்கள். கணவரோடு. உறவினர்கள் பார்க்க வந்து ஓய்ந்து, நீங்கள் ஏதோ ஒரு கட்டணம் கட்ட வரிசையில் நின்று, ஒரு நாள் காய்ச்சலில் படுத்து, “எப்பக் கிளம்புறீங்க” என்று கேட்பதை ஆட்கள் மறந்த பிறகு என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பாமல் இருப்பதில் அவமானம் எதுவும் இல்லை. அந்த நாட்டை நீங்கள் நேசிக்க அங்கே குடியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை என்றீர்கள். காலைப் பேருந்து நிறுத்தத்தில் ஊரின் சத்தம் வேண்டியிருக்கிறது, ஊரில் இருக்கும்போது இந்த அமைதி வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் வாழ்ந்தவருக்கு இது இருக்கத்தான் செய்யும். இதைக் குணப்படுத்தும் மருந்து என்னிடம் இல்லை. 1688இல் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தி, வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். வேறு எதுவும் பலிக்காவிட்டால் நோயாளியை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அன்றைய வைத்தியம். நீங்கள் அந்த வைத்தியத்தைச் செய்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவோடு பேசுவதற்கு ஒரு யோசனை. அடுத்த அழைப்பில் போனைத் தாங்கியில் வைக்காமல் அம்மாவின் இடது காதோடு வைத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். முகம் தெரியாது, பரவாயில்லை. மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரே விஷயம். “சரிம்மா” என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். அவர் சின்ன வயதில் இருந்த வீட்டில் எத்தனை அறை என்பது மாதிரி ஒன்று. பதில் சரியாக வந்தால் கேட்கிறது என்று அர்த்தம்.  இடப்பக்கம் உட்கார இரண்டே நாளில் கற்றுக்கொண்ட உங்கள் மகனையும் பேச விடுங்கள். அவனுக்கு அந்த நாட்டைப் பற்றிக் கருத்து எதுவும் இருந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. பாட்டி எந்தப் பக்கம் கேட்பாள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

அப்புறம், அந்தப் பெட்டியை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். இரண்டு வாரம் என்றீர்கள், உள்ளே துவைக்காத துணி இருக்கும்.